நந்தனுக்கு மட்டும் ஏன் நெருப்பு?

போன வாரம் ஒரு நாள் மாலை, பீளமேட்டிலுள்ள என் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியம்மா கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் வைத்திருந்த செல்போனிலிருந்து தண்டபாணி தேசிகரின் கணீரென்ற குரல் வந்துகொண்டிருந்தது. 1942-ல் ஜெமினியார் எடுத்த 'நந்தனார்' படத்துப் பாட்டு. பெரியம்மாவுக்கு அந்தப் பாட்டுக்கள் என்றால் உயிர்.

"இது ஆருங்க அம்மிச்சி பாடறது?" என்று பேத்தி கேட்டாள். எட்டு வயதுச் சிறுமி. அவள் கேட்கவேண்டியதுதான் தாமதம், பெரியம்மா கதையை ஆரம்பித்துவிட்டார். ஆதனூர் சேரியில் பிறந்த நந்தன், சிதம்பரம் போக ஏங்கியது. பண்ணைக்கார வேதியர் உத்தரவு கொடுக்க மறுத்தது. நாற்பது வேலி நிலத்தையும் ஒரே ராத்திரியில் அறுத்து முடித்தால் போகலாம் என்று சொன்னது. ஆண்டவனே வந்து அறுத்துக் கொடுத்தது. கடைசியில் தில்லை வாசலில் நந்தன் அக்கினியில் இறங்கிப் புனிதனாக எழுந்து, உள்ளே போய்ச் சோதியில் கலந்தது – எல்லாவற்றையும் கண்ணில் நீர் மல்கச் சொல்லி முடித்தார்.

சிறுமிக்குக் கண்ணில் நீர் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது.

"ஏனுங்க அம்மிச்சி, அவரு நல்லவருதானுங்களே? அப்புறம் எதுக்கு நெருப்புல எறங்கோணும்? அவர உள்ள உடமாட்டேன்னு சொன்னவங்க எறங்கலைங்களா?"

பெரியம்மா கையிலிருந்த அவரைக்காயைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பினார். "நீதான் காலேஜெல்லாம் படிச்சுட்டுப் பத்திரிகையில எழுதறயே, நீயே சொல்லு சாமி" என்று என்னை மாட்டி வைத்துவிட்டார்!

எனக்கும் உடனே பதில் வரவில்லை, சகோதரிகளே. ஆனால் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. அந்த வாரம் முழுவதும் நான் பழைய அமெரிக்கப் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 1940, 50, 60-களில் ஹாலிவுட்காரர்கள் வெள்ளையரையும் கறுப்பின மக்களையும் எப்படிக் காட்டினார்கள் என்று பார்ப்பதற்காக. சிறுமி கேட்ட அதே கேள்வியை அந்தப் படங்களையும் பார்த்துக் கேட்கலாம் என்று தோன்றியது. அமெரிக்காவில் நிறம்; நம் ஊரில் ஜாதி. இரண்டும் ஒன்றல்லதான். ஆனால் திரையில் இரண்டுக்கும் தைத்த சட்டை ஏறக்குறைய ஒரே அளவு!

கொடுமுடியிலிருந்து வந்த நந்தன்

நம் கொங்கு நாட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தேசிகருக்கு ஏழு வருஷம் முன்னாலேயே பேசும் படத்தில் நந்தனாக நடித்தவர் யார் தெரியுமா? ஒரு பெண்மணி. காவேரிக் கரையில் கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள்!

1933-ல் அவருடைய கணவர், நாடக மேடையின் ஈடற்ற பாடகர் எஸ். ஜி. கிட்டப்பா, முப்பது வயது நிரம்பும் முன்பே காலமானார். சுந்தராம்பாளுக்கு அப்போது இருபத்தைந்து வயது. அன்று உடுத்திய வெள்ளைச் சேலையை அவர் பிறகு மாற்றவே இல்லை. எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவு செய்துவிட்டார். அப்படிப்பட்டவரைத்தான் 1935-ல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்துக்கு அழைத்தார்கள். அவருக்குக் கொடுத்த சம்பளம் ஒரு லட்சம் ரூபாய் என்று நாடெங்கும் பேச்சு. அந்தக் காலத்து ஒரு லட்சம்!

வேதியராக நடித்தவர் சங்கீத உலகின் பெரும் வித்வான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். கதைப்படி கடைசியில் வேதியர் நந்தனின் பெருமையை உணர்ந்து பணிய வேண்டும். ஒரு பிராமண வித்வான், நந்தன் வேஷத்திலிருக்கும் ஒரு பெண்மணிக்கு முன்னால் பணிவதா என்று அந்த நாளில் முணுமுணுப்புக் கிளம்பியதாகச் சொல்வார்கள். வேஷத்துக்குக்கூட வணங்கக் கூடாது என்ற அளவுக்கு ஜாதி வேரோடியிருந்தது. படத்தைப் பார்த்த கல்கி, அதில் பனைமரமும் எருமைக்கடாவும்தான் நன்றாக நடித்திருப்பதாகக் கேலி செய்தார் என்பது பழைய ரசிகர்களுக்குத் தெரிந்த கதை.

அந்தப் படத்தை டைரக்ட் செய்த மாணிக்லால் டாண்டன், அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஸினிமாக் கலை படித்தவர். அதே 1935-ல் தம்முடன் படித்த எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்க நண்பரையும் இந்தியாவுக்கு அழைத்து வந்தார். சில மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்த டங்கன் பதினைந்து வருஷம் தங்கிவிட்டார்! தமிழே தெரியாமல் 'சகுந்தலை', 'மீரா' என்று எடுத்து, 1950-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் 'மந்திரி குமாரி'யையும் எடுத்தார். ஆக, ஹாலிவுட்டுக்கும் நம் ஊருக்கும் இடையே அப்போதே ஒரு நடைபாதை இருந்தது.

நந்தன் கதைக்கு வருகிறேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் வரலாற்றில் நெருப்பு உண்டு. ஆனால் பண்ணைக்கார வேதியர் கிடையாது. வேதியரைக் கொண்டுவந்து சேர்த்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'நந்தன் சரித்திரக் கீர்த்தனை' பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார். ஏழையை அடக்கி வைத்திருப்பவன் யார் என்று அவர் விரல் நீட்டிக் காட்டினார். அது பெரிய காரியம். படம் எடுத்தவர்களும் அவரைத்தான் பின்பற்றினார்கள்.

ஆனாலும் கதையின் கணக்கைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். நந்தன் கோபப்படுவதே இல்லை. மறுபடி மறுபடி உத்தரவு கேட்கிறான். நாற்பது வேலி அறுப்பு என்று ஒரு பரீட்சை. நெருப்பு என்று மற்றொரு பரீட்சை. இரண்டும் அவனுக்கே. கொட்டகையில் இருந்தவர்கள் அவனுக்காக அழுதார்கள். அழுதுவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். அவர்களை யாரும் எந்தப் பரீட்சையும் எழுதச் சொல்லவில்லை.

கடல் கடந்த நந்தன்

இப்போது கடல் கடந்து போவோம். 1950-ல் 'நோ வே அவுட்' என்ற படத்தில் சிட்னி பாய்ட்டியர் என்ற கறுப்பின இளைஞர் ஒரு டாக்டராக அறிமுகமானார். அதுவரை ஹாலிவுட்டில் கறுப்பினத்தவருக்குப் பெரும்பாலும் என்ன வேஷம்? வீட்டு வேலைக்காரி, வண்டியோட்டி, பயந்து கண்ணை உருட்டும் கோமாளி. அந்த நிலையில் ஒரு டாக்டர் என்றால் எவ்வளவு பெரிய மாறுதல்! 1963-ல் வந்த 'லில்லீஸ் ஆஃப் தி ஃபீல்ட்' படத்துக்காகச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் பரிசும் அவருக்குக் கிடைத்தது. முதன்மை நடிகருக்கான அந்தப் பரிசு ஒரு கறுப்பினத்தவருக்குப் போனது அதுவே முதல் தடவை.

1967 டிசம்பரில் அவர் நடித்து வந்த படம் 'கெஸ் ஹூ'ஸ் கமிங் டு டின்னர்'. விருந்துக்கு வரப்போவது யார், சொல்லுங்கள் பார்ப்போம் என்று அர்த்தம். ஒரு வெள்ளைக்கார வீட்டுப் பெண், தான் காதலிக்கும் கறுப்பின வாலிபனை வீட்டுக்கு அழைத்து வருகிறாள். தாயும் தகப்பனும் திகைக்கிறார்கள். மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் தெரியுமா? உலகம் அறிந்த டாக்டர். குரல் உயர்த்திப் பேசமாட்டார். அது மட்டுமா? பெண்ணின் பெற்றோரைத் தனியாகச் சந்தித்து, "உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் நான் விலகிக்கொள்கிறேன்" என்ற கருத்தில் வாக்கும் கொடுத்துவிடுகிறார்!

நம் வீடுகளில் பெண் கேட்டு வரும் எந்த மாப்பிள்ளை இவ்வளவு யோக்கியதாம்சங்களோடு வருகிறார்? ஒரு சாதாரண வெள்ளைக்காரப் பையன் அந்த வீட்டுக்குள் நுழைய, வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டால் போதும். கறுப்பினப் பையன் நுழைய, மருத்துவ உலகமே புகழ வேண்டும். இது நாற்பது வேலி அறுப்புத்தானே? ஊர் வேறு, பயிர் வேறு, அறுப்பு ஒன்று.

அந்தப் படத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது வெளிவந்ததற்கு ஆறு மாதம் முன்பு வரை, அதாவது 1967 ஜூன் 12 வரை, அமெரிக்காவில் 16 மாநிலங்களில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் கல்யாணம் செய்துகொள்வதே சட்டப்படி குற்றம். அன்றுதான் அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சட்டங்களைச் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. ஹாலிவுட்டிலும் தனியாக ஒரு விதித் தொகுப்பு இருந்தது. 1934 முதல் அதைக் கண்டிப்பாக அமல் நடத்தினார்கள். கறுப்பரும் வெள்ளையரும் காதல் உறவு கொள்வதாகத் திரையில் காட்டக் கூடாது என்பது அதில் ஒரு விதி. 1956-ல்தான் அந்த விதியை எடுத்தார்கள். அதை நினைத்தால், அந்த விருந்துப் படம் துணிச்சலான காரியமே. ஆனாலும் துணிச்சலுக்கும் ஓர் எல்லை வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் என் அபிப்பிராயம்.

பரிசு கிடைத்தது, நாற்காலி?

பெண்கள் படிக்கும் பக்கத்தில் ஹாட்டி மக்டானியலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1939-ல் வந்த 'கான் வித் தி விண்ட்' படத்தில் வீட்டு அடிமைத் தாதியாக நடித்தவர். அவருடைய பெற்றோரே அடிமைகளாகப் பிறந்தவர்கள். அந்த டிசம்பரில் அட்லாண்டா நகரில் படத்தை ஊர்வலமும் விருந்துமாகத் திரையிட்டார்கள். ஹாட்டி மட்டும் அங்கே போக முடியவில்லை. அந்த ஊரில் நிறப் பிரிவினை சட்டமாக இருந்தது. 1940 பிப்ரவரி 29-ம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பெரிய ஓட்டலில் நடந்த விழாவில் அவருக்குத் துணை நடிகைக்கான ஆஸ்கார் பரிசு கிடைத்தது. கறுப்பினத்தவர் ஒருவர் பெற்ற முதல் ஆஸ்கார் அது. ஆனால் உடன் நடித்தவர்கள் உட்கார்ந்திருந்த மேஜையில் அவருக்கு இடமில்லை. சுவரோரமாகத் தனி மேஜை போட்டிருந்தார்கள். அங்கிருந்து எழுந்து நடந்து வந்துதான் பரிசை வாங்கிக்கொண்டார்.

நம் ஊர்க் கொட்டகைகள் இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் தேவலை என்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தென்பகுதியில் கறுப்பினத்தவருக்கு மாடியில் தனி இடம், தனி வாசல். இங்கே 1914-ல் சாமிக்கண்ணு வின்சென்ட் கோயமுத்தூரில் கட்டிய வெரைட்டி ஹாலிலும் சரி, பின்னால் ஊர் ஊராகப் போன டூரிங் டாக்கீஸ்களிலும் சரி, காசுக்குத் தக்க இடம். தரை டிக்கெட்டு, பெஞ்சு டிக்கெட்டு, நாற்காலி டிக்கெட்டு. தமிழர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் ஸினிமாக் கொட்டகையே. அங்கே இடத்தை முடிவு செய்தது பிறப்பல்ல, பணம் என்று இலங்கைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதியிருக்கிறார். கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவன் கொட்டகைக்குள் வந்துவிட்டான். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-ல்; டாக்கி வந்ததோ 1931-ல்! ஆனால் உள்ளே வந்தவன் திரையில் தன்னைத் தேடியபோது என்ன கண்டான்?

ராஜா வீட்டுப் பிள்ளை

வேஷம் என்று நான் ஏற்கனவே சொன்னேன் அல்லவா? அதற்குத்தான் வருகிறேன்.

1949-ல் எலியா கஸான் எடுத்த 'பிங்கி' என்ற படம். வெள்ளைக்காரியைப் போலவே தோற்றமுள்ள ஒரு கறுப்பின நர்ஸின் கதை. அவள் படும் அவமானங்களைப் பார்த்து ஜனங்கள் கலங்கினார்கள். டெக்ஸாஸில் ஒரு சிற்றூரில் படத்தையே தடை செய்தார்கள். மீறிக் காட்டிய கொட்டகைக்காரர் தண்டனை பெற்று, 1952-ல் சுப்ரீம் கோர்ட்டு வரை போய்த்தான் தப்பித்தார். இவ்வளவு ரகளைக்குக் காரணமான அந்தக் கறுப்பினப் பெண்ணாக நடித்தவர் யார்? ஜீன் கிரெய்ன் என்ற அசல் வெள்ளைக்கார நடிகை! பாத்திரத்துக்காக அழலாம்; ஆனால் பாத்திரத்துக்குச் சொந்தக்காரியைத் திரையில் பார்க்கக் கூடாது.

நம்மையும் அவர்கள் அப்படித்தான் காட்டினார்கள். 1952-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் கூட்டுறவில் தயாரான 'தி ஜங்கிள்' என்ற அமெரிக்கப் படத்தில், இந்திய ராஜகுமாரியாக வந்தவர் யூட்டா மாநிலத்தில் பிறந்த மேரி வின்ட்ஸர். சேலத்திலிருந்து எடுக்கும் படத்துக்கு ராஜகுமாரி மட்டும் அமெரிக்காவிலிருந்து இறங்கினார்!

சிரிக்கிறோம். ஆனால் நாம் செய்ததும் அதற்கு வெகு தூரமில்லை. 1956-ல் 'மதுரை வீரன்' படம் சக்கைப்போடு போட்டது. எம். ஜி. ஆர். குதிரையில் வந்தால் கொட்டகை அதிர்ந்தது. மதுரை வீரன், கொங்கு நாட்டில் பெருவாரியாக வாழும் அருந்ததியர் மக்கள் கும்பிடும் சாமி. நாட்டுப்புறத்தில் அவன் கதை பல விதமாக வழங்குகிறது. செருப்புத் தைக்கும் குடும்பத்தில் பிறந்தவன் என்பது ஒன்று. ராஜாவுக்குப் பிறந்து, காட்டில் விடப்பட்டு, அந்தக் குடும்பத்தில் வளர்ந்தவன் என்பது மற்றொன்று. படம் எடுத்தவர்கள் எதை எடுத்துக்கொண்டார்கள்? ராஜா மகன் கதையை. என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் செருப்புத் தைக்கும் தம்பதியாக வந்து பிள்ளையை வளர்த்தார்கள். பெற்றவர்களாக அல்ல.

இதனால் என்ன மோசம் என்று கேட்பீர்கள். வீரன் பொம்மியைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஜனங்கள் கை தட்டினார்கள் அல்லவா? 'பரவாயில்லை, அவன் ராஜா வீட்டுப் பிள்ளைதானே' என்ற நிம்மதி அந்தக் கை தட்டலுக்குள் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிட்டது. அவனை வளர்த்த தாயின் வயிற்றில் அப்படியொரு வீரன் பிறக்க முடியும் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

நம் சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவாகி 1949-ல் வெளிவந்த 'வேலைக்காரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணாதுரையின் கதை, வசனம். பணக்கார வீட்டு மகன், வேலைக்காரி அமிர்தத்தைக் காதலிக்கிறான். பணத்திமிரையும் ஜாதித் திமிரையும் அந்தப் படம் விளாசியதைப் போல அதற்கு முன் எந்தப் படமும் விளாசியதில்லை. அப்படிப்பட்ட படத்திலும் அமிர்தம் மணவறைக்கு வரும்போது, விதிவசத்தால் வேறொரு பணக்காரர் வீட்டு மகளாக மாறித்தான் வர வேண்டியிருந்தது. அமிர்தமாகவே, கையில் துடைப்பத்தோடு, முன்வாசல் வழியாக வர முடியவில்லை. புரட்சிக்கும் பட்டுச் சேலை கட்டித்தான் பந்தலுக்கு அழைத்து வந்தார்கள்.

ரயிலேறிய கிந்தன்

அப்படியானால் சரியாகக் காட்டியவர்களே இல்லையா? உண்டு. அதுவும் நம் உடுமலைப்பேட்டைப் பக்கத்துக்காரர் கைவண்ணம்.

1949-லேயே வந்த மற்றொரு படம் 'நல்லதம்பி'. 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்' என்ற 1936-ம் வருஷத்து அமெரிக்கப் படத்தைத் தழுவி அண்ணாதுரை எழுதி, கிருஷ்ணன் – பஞ்சு டைரக்ட் செய்தது. அதில் என். எஸ். கிருஷ்ணன் கழுத்தில் மாலையோடு நின்று ஒரு காலட்சேபம் செய்வார். 'கிந்தனார்' காலட்சேபம். எழுதியவர் பூளவாடியில் பிறந்த உடுமலை நாராயண கவி. அதிகம் பள்ளிக்கூடம் போகாதவர். கதர் விற்று, தேசியப் பாட்டுப் பாடி வளர்ந்தவர்.

நந்தன் கதையின் அதே அச்சு, அதே மெட்டு, அதே பாகவதர் தோரணை. ஆனால் உள்ளே சரக்கு வேறு. நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான். கிந்தன் பட்டணம் போகத் துடிக்கிறான். நந்தனுக்கு ஆண்டவன் தரிசனம் வேண்டும். கிந்தனுக்குப் படிப்பு வேண்டும். அவன் ரயிலேறுகிறான். படிக்கிறான். பள்ளிக்கூடங்களைப் பரிசோதிக்கும் அதிகாரியாக அதே ஊருக்குத் திரும்பி வருகிறான்! ஒரு காலத்தில் அவனை ஒதுக்கிய ஊர் இப்போது எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது. கொட்டகை வயிறு குலுங்கச் சிரித்தது.

கவனித்தீர்களா, சகோதரிகளே? கிந்தன் கதையில் நெருப்பு இல்லை. அற்புதம் இல்லை. ராஜா வீட்டுப் பிறப்பு இல்லை. டிக்கெட்டு வாங்கிய எவரையும் ஏற்றிக்கொள்ளும் ரயில் இருக்கிறது. படித்த எவனையும் தேற்றும் பரீட்சை இருக்கிறது. இந்த முறை பதில் சொல்ல வேண்டியவர்கள் உள்ளே விட மறுத்தவர்கள். பெரியம்மாவின் பேத்தி கேட்டதற்கு, அவள் பிறப்பதற்கு அறுபது வருஷத்துக்கு மேல் முன்பே நாராயண கவி பதில் எழுதி வைத்திருக்கிறார்! ஒன்றுதான் வருத்தம். அதைச் சிரிப்பாகச் சொன்னால்தான் கேட்பார்கள் என்ற நிலைமை. படத்தின் நடுவே ஒரு பகுதியாக வந்த கிந்தனை, முழுப் படத்தின் கதாநாயகனாக்க அன்றைக்கு யாரும் துணியவில்லை.

பிற்காலத்தில் நம் கொங்குச் சீமை வெள்ளித் திரையில் நிறையவே வந்தது. கோபிசெட்டிபாளையத்து வாய்க்காலும் பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் பார்க்காத ரசிகர் உண்டா? 'சின்னக் கவுண்டர்', 'நாட்டாமை' என்று 1990-களில் படங்கள் ஓடின. தீர்ப்புச் சொல்பவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். கும்பிட்டபடி ஓரத்தில் நிற்கும் கூட்டத்தின் பெயரைப் படம் கேட்கவில்லை. 2023-ல் மாரி செல்வராஜின் 'மாமன்னன்' சேலம் வட்டாரத்தைக் காட்டியபோதுதான் காமிரா அந்த ஓரத்துக்குத் திரும்பியது. எம்.எல்.ஏ. ஆன பிறகும் மேல் ஜாதிக்காரருக்கு முன்னால் உட்காரச் சொல்லப்படாத ஒரு மனிதராக வடிவேலு நடித்தார். அத்தனை வருஷம் நம்மைச் சிரிக்க வைத்தவர், அந்தப் படத்தில் ஒரு நாற்காலியைப் பார்த்து நம்மைத் தலைகுனிய வைத்தார். ஹாட்டி மக்டானியலின் சுவரோர மேஜை எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

பஸ் ஸ்டாண்டில் ஒரு காட்சி

இதெல்லாம் வெறும் ஸினிமா விவகாரம் என்று தள்ளிவிடலாமா? எனக்கு மனம் வரவில்லை.

கிந்தனைப் படைத்த கவிஞரின் உடுமலைப்பேட்டையிலேயே, 2016 மார்ச் 13-ம் தேதி, பட்டப்பகலில், பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் ஓர் இளம் தம்பதியை வெட்டினார்கள். கணவன் இறந்தான். மனைவி காயத்தோடு பிழைத்தாள். அவன் தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவன், என்ஜினீயரிங் படித்தவன், அவள் வேறு ஜாதி. அவர்கள் செய்த குற்றம், கல்யாணம். கடைவீதிக் காமிராவில் பதிவான அந்தக் காட்சி வீட்டுக்கு வீடு டெலிவிஷனில் ஓடியது. அதற்கு டைரக்டர் கிடையாது, வசனமும் கிடையாது.

கிந்தன் செய்யச் சொன்னதைத்தானே அந்தப் பையன் செய்தான்? படித்தான். அது போதவில்லை. எத்தனை பரீட்சை தேறினாலும் கடைசியில் நெருப்பு ஒன்று பாக்கி இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தது யார்? கத்தி எடுத்தவன் மாத்திரமா? கத்தி எடுக்காத நாமும் இருக்கிறோம் என்று எனக்கு ஒரு பயம்.

ஏன் சொல்கிறேன் என்றால், என் சிறு வயதில் எங்கள் வீட்டுப் புழக்கடை ஜன்னலில் ஒரு அலுமினியத் தம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். வீட்டு வேலைக்கு வரும் அம்மாளுக்கான தம்ளர். அதில் வேறு யாரும் குடிக்கமாட்டோம். அதை யாரும் எங்களுக்கு ஒரு விதியாகச் சொன்னதில்லை. எவரும் அவரைக் கடிந்துகூடப் பேசியதில்லை. தீபாவளிக்குச் சேலை உண்டு. பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் உண்டு. "அவங்க ரொம்ப நல்லவங்க" என்று அம்மா எல்லாரிடமும் புகழ்வார். அவ்வளவு நல்லவருக்கும் தம்ளர் மட்டும் ஜன்னலிலேயே இருந்தது. காலேஜில் படிக்கும்போது ஒரு நாள் அந்தத் தம்ளரில் நானே தண்ணீர் மொண்டு குடித்தேன். அம்மா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஜன்னலில் தம்ளர் இல்லை. சமையலறை அலமாரியில் மற்றத் தம்ளர்களோடு இருந்தது. அவ்வளவு சுலபமாக முடியக்கூடிய ஒரு காரியம் அத்தனை வருஷம் முடியாமல் கிடந்ததே என்பதுதான் இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

ஹாலிவுட்டில் எழுதி வைத்திருந்தார்கள். அதனால் 1956-ல் ஒரு வரியை அடிக்க முடிந்தது. நம் வீட்டு விதிகளை எவரும் எழுதி வைக்கவில்லை. அடிக்க வேண்டுமானால் முதலில் அவை எங்கே இருக்கின்றன என்று தேட வேண்டும். ஜன்னலில் இருக்கலாம். பெண்ணுக்கு வரன் தேடும் விளம்பரத்தின் முதல் வரியில் இருக்கலாம். "அந்தப் பிள்ளை நல்லவந்தான், ஆனா..." என்று நாம் இழுக்கும் அந்த 'ஆனா'வில் இருக்கலாம்.

பெரியம்மா வீட்டுக்கு வருகிறேன். பேத்திக்கு அன்றைக்கு நான் பதில் சொன்னேனா என்று கேட்பீர்கள். செல்போனில் 'கிந்தனார்' காலட்சேபத்தைத் தேடிப் போட்டேன். மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம். சிறுமி விழுந்து விழுந்து சிரித்தாள். கிந்தன் அதிகாரியாக ஊருக்குத் திரும்பியதும், "இதுதான் அம்மிச்சி சரியான கதை!" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

பெரியம்மா கொஞ்ச நேரம் பேசாமல் அவரைக்காய் நாரை உரித்துக்கொண்டிருந்தார். பிறகு, "தேசிகர் பாட்ட இனிமேலும் கேப்பேன், சாமி. அதுல ஒண்ணும் குத்தமில்ல" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஆனா கதைய மட்டும் இனி அப்படிச் சொல்லமாட்டேன்" என்றார்.